வீட்டுக்குள் உடுத்த ஒரு பழைய யுகாத்தா

வெளியே உடுத்திக்கொண்டு போகும் துணிக்குத் தரும் யோசனையில் கால்வாசிகூட வீட்டில் உடுத்தும் துணிக்கு நாம் தருவதில்லை. கல்யாணப் பட்டு எடுக்க நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்குவோம். நாளின் பெரும்பகுதி உடம்பில் கிடக்கப்போகிற நைட்டியை மட்டும், காய்கறி வாங்கப் போன தெருவில் தொங்குவதைப் பார்த்து, நிறம் பிடித்திருந்தால் போதும் என்று எடுத்து வந்துவிடுவோம். நாலு துவைப்பில் கழுத்து தளர்ந்துவிடும், சாயம் வெளுத்துவிடும். அப்புறம் கூரியர்காரர் மணி அடித்தால் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் துண்டையோ துப்பட்டாவையோ மேலே போட்டுக்கொண்டு ஓட வேண்டும். வீட்டிலும் நல்ல துணியை, உடம்பை இறுக்காத வெட்டில், கூச்சமில்லாமல் உடுத்தலாம் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவை ஜப்பானின் பழைய யுகாத்தாக்கள், அதாவது முன்பக்கம் திறந்து இடுப்பில் கட்டும் பருத்தி அங்கிகள்.

கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் குடியிருந்தோம். இந்தியர்கள், அதிலும் நம்மூர்க்காரர்கள் நிறைய இருக்கும் இடம். ஜூலை பிறந்தால் அங்கேயும் புழுக்கம் தாங்காது. எங்கள் மாடியில் இருந்த ஒரு பாட்டி, சாயங்காலக் குளியல் முடித்து, வெளுத்த நீல யுகாத்தா ஒன்றை உடுத்திக்கொண்டு வராந்தாவில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். தபால்காரர் வந்தாலும் நான் வந்தாலும் அப்படியே நின்று பேசுவார். இழுத்து மூட வேண்டியதும் இல்லை, மேலே எதையும் போட்டுக்கொள்ள வேண்டியதும் இல்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். தன் அம்மா கையால் தைத்தது என்றார்.

யுகாத்தா என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது வாணவேடிக்கை பார்க்கப் போகும் இளம்பெண்கள் உடுத்தும் பளபளப்பான உடை. உண்மையில் அது குளியலோடு வந்த உடை. குளித்து முடித்ததும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளப் போட்ட ஒற்றைப் பருத்தி அங்கி மெல்ல மெல்லக் கோடைக்கால உடையாக மாறியது. கொஞ்சம் பழசானால் இரவில் தூங்க, இன்னும் பழசானால் குழந்தைக்கு அணையாடை, கடைசியில் தரை துடைக்கும் துணி. பழைய ஜப்பானிய வீடுகளில் ஒரு யுகாத்தாவின் ஆயுள் இப்படித்தான் போயிற்று. நம் வீடுகளிலும் பழைய நூல் புடவை முதலில் தூளியாகும், பிறகு பாத்திரம் பிடிக்கும் கரித்துணியாகும். அதனால்தானோ என்னவோ, அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

இப்போதைய ஜப்பானியர்களில் பெரும்பாலானோர் வீட்டில் டி-சட்டையும் கால்சட்டையும்தான் போடுகிறார்கள். பாட்டிகள் பெட்டியில் வைத்துவிட்டுப் போன யுகாத்தாக்கள் பழைய பொருள் சந்தைக்கு வந்துவிடுகின்றன. கியோத்தோவில் தோஜி கோயில் சந்தை ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி நடக்கும். கித்தானோ தென்மங்கூ கோயில் சந்தை 25ஆம் தேதி. டோக்கியோவில் யூராகுச்சோ நிலையத்துக்குப் பக்கத்தில், சர்வதேச மன்றத்தின் வளாகத்தில் ஓஎதோ பழம்பொருள் சந்தை கூடும். பட்டு கிமோனோக்களைக் கொடியில் அழகாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பருத்தி யுகாத்தாக்கள் அட்டைப் பெட்டிக்குள் குவிந்து கிடக்கும். நான் தேடிப் போவது அந்தப் பெட்டியைத்தான். ஒரு நல்ல மதியச் சாப்பாட்டின் விலைக்குள் அருமையான துணி கிடைத்துவிடும். காலையில் சீக்கிரம் போனால் நல்லது. கடைகட்டும் நேரத்தில் போனால் விலை குறையும், ஆனால் அப்போது மிச்சம் இருப்பது பெரும்பாலும் கிழிசல்தான்.

பெட்டியிலிருந்து எதை எடுப்பது என்று எனக்குக் கற்றுத்தந்தவர் தோஜி சந்தையில் கடை போட்டிருந்த ஒரு வயதான அம்மா. நான் பூவையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யுகாத்தாவை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். முதலில் உட்காரும் இடத்தைப் பார், அப்புறம் கழுத்துப் பட்டை, அப்புறம் முட்டி. மூன்றும் சரியாக இருந்தால் அதன் பிறகு பூவைப் பார் என்றார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நூல் தேய்ந்த இடம் சல்லடைக் கண்ணாகத் தெரியும். இரண்டு கட்டைவிரலாலும் துணியைப் பிடித்து, நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். உறுதியான துணி கொஞ்சம் நெகிழ்ந்து திரும்பும். மக்கிய துணியிலிருந்து ‘சர்’ என்று மெல்லிய சத்தம் வரும், அதைக் கேட்டால் அப்படியே வைத்துவிடலாம். உட்காரும் இடத்தின் உள்ளே தனியாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருந்தால் அது நல்ல அடையாளம். பொறுப்பாகத் தைத்தவர் கைவேலை அது.

நிறமும் உறுதியைச் சொல்லும். கறுப்பும் கரும்பழுப்பும் பழைய துணியில் சந்தேகத்துக்கு உரியவை. அந்தக் காலத்தில் கறுப்பு ஏற இரும்புச் சத்தைப் பயன்படுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த இரும்பு நூலை அரித்துவிடும். சோழமண்டலக் கரையில் நம்மவர்கள் எழுதிச் சாயமிட்ட பழைய சீட்டித் துணிகளிலும் இதே கதைதான். இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் காய்ச்சிய கறுப்பில் போட்ட கோடுகள் உதிர்ந்து, சிவப்பும் நீலமும் மட்டும் அப்படியே நிற்கும். அவுரி நீலம் நூலைக் கெடுப்பதில்லை. அதனால் பழைய துணியில் நான் கண்ணை மூடிக்கொண்டு தேடுவது நீலமும் வெள்ளையும்தான்.

சீட்டி பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் உடுத்தும் அங்கி என்ற பழக்கம் ஐரோப்பாவில் பரவியதற்கு ஜப்பானும் நம் கரையும் சேர்ந்தே காரணம். 17ஆம் நூற்றாண்டில் நாகசாகியின் தெஜிமா தீவில் இருந்த டச்சு வணிகர்கள் எதோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, மரியாதை செலுத்தப் போவார்கள். ஷோகுன் என்ற படைத்தலைமை ஆட்சியாளர் அவர்களுக்குப் பஞ்சு வைத்த பட்டு அங்கிகளைப் பரிசாகக் கொடுப்பார். ஊருக்குக் கொண்டுபோன அந்த அங்கிகளுக்கு ஆம்ஸ்டர்டாமில் அத்தனை மோகம். படித்தவர்களும் பணக்காரர்களும் வீட்டில் இறுக்கமான கோட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டார்கள். ஓவியர் வெர்மீர் 1668இல் வரைந்த வானியலாளரும் 1669இல் வரைந்த புவியியலாளரும் உடுத்தியிருப்பது அந்த வகை அங்கிதான். ஜப்பானிலிருந்து வந்தவை போதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது பழவேற்காடு, நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் என்று டச்சுக்காரர்கள் கோட்டையும் பண்டகசாலையும் வைத்திருந்த நம் கரையின் சீட்டித் துணி. கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, படிகாரம் தொட்டு எழுதி, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பேற்றிய துணி அது. துவைத்தாலும் நிறம் போகாத பருத்தி அவர்களுக்குப் புதுசு. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி 1661இல் தனக்கு ஓர் இந்திய அங்கி வாங்கி, 34 ஷில்லிங் ஆயிற்று என்று நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நம் சீட்டியில் தைத்த 18ஆம் நூற்றாண்டு ஆண்கள் அங்கி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. உலகத்துக்கே வீட்டு அங்கிக்குத் துணி கொடுத்த கரையில் பிறந்துவிட்டு, வீட்டில் எதையாவது மாட்டிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே மனசுக்கு ஒப்பவில்லை.

சரி, யுகாத்தாவுக்கு வருகிறேன். பழையதில் நல்ல சாயவேலை எது என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. துணியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெளிறி, வெளிப்பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் மேலோட்டமாக அச்சடித்தது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் ‘சூசென்’ முறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அச்சுத்தாள் வைத்துப் பசை தடவி, துணியை மேலே மேலே மடித்து அடுக்கி, கூஜாவின் மூக்கு வழியாகச் சாயத்தை ஊற்றி, கீழிருந்து உறிஞ்ச வைப்பார்கள். சாயம் அடுக்கு முழுக்க ஊடுருவிவிடும். ஹமாமத்ஸு, ஒசாகா பக்கங்களில் இன்னும் இந்த வேலை நடக்கிறது. நிறங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மெல்லக் கசிந்திருக்கும். எனக்கு அந்தக் கசிவுதான் உயிர். வெளுக்க வெளுக்க அழகு கூடும் சாயம் அது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுக்கும்.

நகோயா நகரின் அரிமாத்ஸு பகுதியில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முடிச்சுச் சாயம் போடுகிறார்கள். நம் மதுரைச் சுங்குடியும் அதே குடும்பம்தான்: துணியைக் கிள்ளி, நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, பிரித்தால் புள்ளி. அரிமாத்ஸு துணியில் கட்டிய இடம் சுருங்கி மேடும் பள்ளமுமாக நிற்கும். அதனால் துணி உடம்போடு ஒட்டாது, வியர்வைக் காலத்தில் இதைவிடச் சுகமான உடை இல்லை. விலை மட்டும் மற்றதைவிட அதிகம். இஸ்திரி போட்டால் அந்த மேடு தட்டையாகிவிடும், போடவே கூடாது.

வெட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளிலிருந்து எல்லாப் பாகமும் வருகின்றன. வளைவு வெட்டே கிடையாது. உடம்புக்கு இரண்டு நீளத் துண்டு, கைக்கு இரண்டு, முன்பக்கம் மூட இரண்டு, கழுத்துப் பட்டைக்கு இரண்டு, எல்லாமே நேர்க்கோடு. தோளில் தையல் இல்லை, துணி முன்னிருந்து பின்னுக்கு அப்படியே மடிந்து போகிறது. கையால் நூலோட்டித் தைத்திருப்பதால் பிரிப்பதும் சுலபம். உட்காரும் இடம் தேய்ந்தால் பிரித்து, மேல் கீழாக மாற்றித் தைத்துவிடலாம். உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் அதே உடைதான், மடித்துக் கட்டும் அளவு மட்டும் மாறும். பிள்ளை பெற்றவர்களுக்கும், வயது ஏற ஏற உடம்பு மாறுகிறவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உடுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் உடுத்துவதற்கு வெளியே போகும்போது கட்டும் அகலப் பட்டை தேவையே இல்லை. ‘ஹெகோ ஓபி’ என்று ஆண்களும் குழந்தைகளும் கட்டும் மெத்தென்ற துணிப்பட்டை ஒன்று உண்டு. இடுப்பில் இறுக்காமல், இடுப்பெலும்பு மேல் தாழ்த்தி இரண்டு சுற்று சுற்றி முடிந்தால் போதும். உடுத்துகிறவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை, ஜப்பானியர் யாராவது பார்த்தால் பதறிப்போவார்கள். பெண்கள் யுகாத்தா உயரத்தைவிட நீளமாக இருக்கும், இடுப்பில் மடித்துக் கட்டுவதற்காக. அந்த மடிப்பு சிரமமாக இருந்தால் ஆண்கள் யுகாத்தாவையே எடுங்கள், நேராகக் கணுக்காலில் வந்து நிற்கும். ஆனால் பெண்கள் யுகாத்தாவில் கைக்குக் கீழே அக்குள் ஓரம் தைக்காமல் விட்டிருப்பார்கள். காற்று உள்ளே போகும் வழி அதுதான். சென்னை வெயிலுக்கு நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மிக மெல்லியதாக இருந்தால் உள்ளே ஒரு பருத்திச் சிலிப் போட்டுக்கொள்ளலாம்.

கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது உடையின் கை. தொங்கும் கையோடு அடுப்பிடம் போகவே கூடாது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி ‘தாசுகி’ என்ற நீளக் கயிறு. முதுகில் பெருக்கல் குறியாகக் குறுக்கே போட்டு, இரண்டு கையையும் தூக்கித் தோளோடு கட்டிவிடும். இரண்டரை மீட்டர் நாடா இருந்தால் போதும். அடுக்களை வாசலிலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். தினமும் சமைக்கிறவர்கள், பழைய யுகாத்தாவின் கையை முழங்கை அளவுக்கு உள்ளே மடித்துத் தைத்துவிடுவது இன்னும் பத்திரம். துணியை வெட்டாமல் மடித்தால் பின்னால் பிரித்துக்கொள்ளலாம்.

தரையில் குந்தி வேலை செய்யும் நேரத்துக்கு யுகாத்தா ஒத்துவராது. அதற்கு ‘மோம்பே’ இருக்கிறது. ஜப்பானிய உழவுப் பெண்கள் போட்ட தொளதொளக் கால்சட்டை, கணுக்காலில் சுருக்கு வைத்தது. கியூஷு தீவின் குருமே ஊரில் நூலையே கட்டிச் சாயமிட்டு நெய்த நீலத் துணியில் தைத்தவை மிக நன்றாக இருக்கும். அந்த நெசவைத் தொடங்கிவைத்தவர் இனோவே தென் என்ற பெண், அதுவும் சிறுமியாக இருந்தபோதே. அதே பக்கத்தில் தைக்கும் ‘ஹந்தென்’ என்ற பஞ்சு வைத்த குட்டைக் கோட்டைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் போடுவார்கள். பெங்களூரு, ஊட்டிக்காரர்களுக்கு அது உதவும், சென்னையில் பெட்டியில்தான் கிடக்கும்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வந்த முதல் கேள்வி, “யாரு கட்டினதோ, இதைப் போய் வீட்ல உடுத்தலாமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. நம் பக்கம் பலருக்கும் இந்தத் தயக்கம் இருக்கும். நான் அவரிடம் சொன்னது இதுதான்: “அத்தை, இதுல சிலது யாருமே உடுத்தாதது.” பழைய யுகாத்தாவின் ஓரங்களில் வெள்ளை நூலால் பெரிய பெரிய தற்காலிகத் தையல் இருந்தால், தைத்த பிறகு ஒருமுறைகூட உடுத்தவில்லை என்று அர்த்தம். தயக்கம் உள்ளவர்கள் அப்படிப்பட்டதைத் தேடி வாங்குங்கள். உடுத்தாததில் ஒரு விஷயம்: தைத்த பிறகு அது துவைப்பே பார்த்திருக்காது, முதல் துவைப்பில் சுருங்கலாம். அளவை மாற்றித் தைப்பதாக இருந்தால் துவைத்த பிறகே தைக்க வேண்டும். ஏற்கெனவே உடுத்தித் துவைத்தது சுருங்கவேண்டிய மட்டும் சுருங்கி முடிந்திருக்கும், அதிலும் ஒரு லாபம்.

வாங்கி வந்த துணியை முதலில் நிழலில், காற்றில் இரண்டு நாள் தொங்கவிட வேண்டும். பெட்டி வாடை பாதி போய்விடும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் தனியாகப் பச்சைத் தண்ணீரில் துவைக்கவும். வாடை மிச்சமிருந்தால் கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விடலாம். வெள்ளைத் தரையில் பழுப்புக் கறை இருந்தால் ஆக்சிஜன் ப்ளீச் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கலாம், வண்ணத் துணிக்கு வேண்டாம். குளோரின் ப்ளீச் நீலத்தின் பக்கமே போகக் கூடாது, அவுரியைத் தின்றுவிடும். காயப்போடும்போது ஜப்பானில் மூங்கில் கழியை ஒரு கையில் நுழைத்து மறு கை வழியாக எடுப்பார்கள். உடை விரிந்து நேராகக் காயும், இஸ்திரியே வேண்டாம். என்னிடம் இருப்பது பழைய கொசுவலைக் கம்பு. வெயில் நேராகப் படாத இடத்தில் மாட்டுகிறேன்.

கஞ்சி போடும் வித்தையில் அத்தைதான் எனக்குக் குரு. வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து, துணியால் வடிகட்டி, அலசிய துணியை முக்கிப் பிழிந்தால் யுகாத்தா மொடமொடவென்று நிற்காமல் உடம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிற்கும். காற்று புகும். கஞ்சி போட்ட துணியை மட்டும் நீண்ட நாள் உள்ளே வைக்கக் கூடாது, பூச்சிக்கு அது விருந்து. எடுத்து வைப்பதற்கு முன் கஞ்சியை அலசி எடுத்துவிட வேண்டும்.

இந்த உடை யாருக்கு மிகவும் உதவும் என்பதை அம்மாவின் தோள்பட்டை இறுகிப்போன சமயத்தில்தான் பார்த்தேன். கையை மேலே தூக்க முடியாது, தலை வழியாக நைட்டி மாட்டுவது நரகம். முன்பக்கம் திறக்கும் யுகாத்தாவில் வலிக்கிற கையை முதலில் நுழைத்து, மற்றதை அப்புறம் நுழைத்து, பக்கவாட்டில் முடிந்துவிடலாம். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். ஜப்பானிய மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் தருவதும் இதே மாதிரி முன்பக்கம் கட்டும் மெல்லிய அங்கிதான். பால் கொடுக்கும் தாய்மார்கள், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள், படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மட்டும் முடிச்சு பின்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், படுத்தால் குத்தும்.

ஜப்பானுக்குப் போகாதவர்கள் என்ன செய்வது? பெட்டியில் இருக்கும் பழைய நூல் புடவையை எடுங்கள். சுங்குடி, சின்னாளப்பட்டி, காஞ்சி காட்டன், எது ஆனாலும் சரி. ஐந்தரை மீட்டர் நீளம், 115 முதல் 120 சென்டிமீட்டர் அகலம். நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் ஒவ்வொரு பட்டையும் 38 முதல் 40 சென்டிமீட்டர், யுகாத்தாச் சுருளின் அகலம்தான். மூன்று பட்டையும் சேர்ந்து 16 மீட்டருக்கு மேல் கிடைக்கிறது, தாராளமாகப் போதும். என் அளவு இது: தோளிலிருந்து கீழ்வரை 130 சென்டிமீட்டர் என்றால் உடம்புக்கு 260 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு. இந்த இரண்டையும் கரை உள்ள இரு ஓரப் பட்டைகளிலிருந்து, முந்தானை முனையிலிருந்தே எடுங்கள். அப்போது இரு கரையும் எதிரெதிராக ஒழுங்காக விழும், முந்தானை கீழ் ஓரத்தில் வந்து நிற்கும். நடுப்பட்டையிலிருந்து கைக்கு 80 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு. 130 சென்டிமீட்டரில் ஒரு துண்டு எடுத்து நீளவாக்கில் பாதியாக்கினால் முன்பக்கம் மூட இரண்டு. மிச்சத்தில் கழுத்துப் பட்டை. கரைப் பட்டைகளின் மீதியை இணைத்தால் இடுப்புக்கட்டு. கழுத்துக்கு, இரண்டு உடம்புத் துண்டிலும் தோள் மடிப்பில் உள் ஓரத்திலிருந்து 9 சென்டிமீட்டர் குறுக்கே கத்தரித்தால் போதும். ஒன்பது கஜப் புடவை கிடைத்தால் பெரியவருக்கு ஒன்றும் குழந்தைக்கு ஒன்றும் தைக்கலாம்.

துணி முன்னிருந்து பின்னுக்கு மடிந்து போவதால், மயிலோ மாங்காயோ ஒரே திசையில் நிற்கும் புடவை என்றால் முதுகில் தலைகீழாகிவிடும். புள்ளி, கட்டம், கோடு எடுங்கள். கிழித்த ஓரம் பிரியும் என்பதால் எல்லாத் தையலையும் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். ஜப்பானியத் துணியில் இரு ஓரமும் நெய்த கரை என்பதால் அவர்களுக்கு இந்த வேலை இல்லை. டெய்லரிடம் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எங்கள் தெரு டெய்லர் அண்ணன் பழக்கதோஷத்தில் கக்கத்தில் வளைவு போட சாக்பீஸை எடுத்துவிட்டார். “ஷேப் இல்லாம சாக்கு மாதிரி தொங்குங்க்கா” என்றார். “எனக்கு அப்படித்தாண்ணே வேணும், நேராவே விடுங்க” என்றேன். தைத்து முடித்ததும் அவரே ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு, தன் அப்பாவுக்கு எட்டு முழ வேட்டியில் தைக்க முடியுமா என்று கணக்குப் போட்டார். அகலமான வேட்டி என்றால் கை குட்டையாக வைத்துத் தைக்கலாம்.

பட்டில் மட்டும் இறங்காதீர்கள். பழைய பட்டு கிமோனோவோ பழைய பட்டுப் புடவையோ வீட்டு உடைக்கு ஆகாது. வியர்வை பட்டால் கறை, மடிப்பில் உடையும், துவைக்கவும் பயம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் புது யுகாத்தாக்களில் பாதி பாலியஸ்டர். அதையும் தவிர்க்கவும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பழகிய பருத்தி உடனே குடித்துவிடும், பாலியஸ்டரில் முத்தாக உருளும்.

எடுத்து வைக்கும் முறை ஒன்று பாக்கி. தையல் கோட்டின் மேலேயே மடித்தால் யுகாத்தா நீளச் சதுரமாக அடங்கிவிடும், புது மடிப்பு விழாது. பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். கற்பூரத்தையும் அந்துருண்டையையும் ஒரே பெட்டியில் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் உருகித் துணியில் கறை படிந்துவிடும். பழைய கிமோனோக்களில் அந்தக் கறையை நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தை வைப்பது வசம்பும் காய்ந்த வேப்பிலையும், சின்னத் துணிமூட்டையில். எங்கள் வீட்டில் அதுவே போதுமானதாக இருக்கிறது. ஜப்பானில் காற்று உலர்ந்திருக்கும் நாளாகப் பார்த்துத் துணிகளை வெளியே எடுத்து ஆற்றுவார்கள். இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதம் அதற்குத் தோதான காலம். ஒரு பகல் முழுக்க நிழலில் தொங்கவிட்டு, உட்காரும் இடத்தையும் கழுத்துப் பட்டையையும் ஒருமுறை பார்த்து, நூல் விட்டிருந்தால் அன்றைக்கே தைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.